இரண்டு புகைபோக்கிகள்

அன்றைக்கும் திஹோமிர் வேனை விட்டு இறங்கவில்லை.

நெவேனா மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனியில் தெருவின் கீழ்ப்பாதி காணாமல் போயிருந்தது. வாசலில் அவர்களுடைய பழைய வெள்ளை வேன் நின்றது. உள்ளே, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் போட்டபடி அவள் கணவன். என்ஜினை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"அண்ணன் இன்னிக்கும் தவமா, அண்ணி?"

கேட்டவன் லியூபென், திஹோமிரின் தம்பி. டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு ஜெர்மனி போய், வேலையும் போய் மனைவியும் போய்த் திரும்பி வந்தவன். இந்த வீட்டிலேயே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறான்.

"வாயை மூடிக்கிட்டு உடைச்ச ரப்பீஸை மூட்டையில கட்டு," என்றாள் நெவேனா.

"கட்டியாச்சு. இறக்கத்தான் ஆள் இல்ல."

அவள் உளியை எடுத்துச் சுவரில் வைத்துத் தட்டினாள். நூறு வருஷத்துக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. சுத்தியலின் தலையில் துணி சுற்றியிருந்தது. சத்தம் அதிகம் கேட்கக் கூடாது. கீழே மிரேலா தூங்குகிறாள்.

ருசே நகரில் ஆற்றை நோக்கி இறங்கும் அந்தத் தெருவில், மூன்று அடுக்கு கொண்ட இந்தப் பழைய வீட்டை அவர்கள் வாங்கி இது மூன்றாவது குளிர்காலம். ஒவ்வொரு தளமாகத் தங்கள் கையாலேயே புதுப்பித்து வாடகைக்கு விட வேண்டும். வயசான காலத்தில் யார் முகத்தையும் பார்த்து நிற்கக் கூடாது. அதுதான் திட்டம். திஹோமிர் பஸ் டெப்போ வேலையை விட்டான். நெவேனா தையல் ஆலையில் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் சிமென்ட், மாலையில் நூல்.

கீழ்த்தளம்தான் முதலில் முடிந்தது. குடிவந்த ஆட்கள் இந்தக் கோடையில் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். வாஷ்பேசினை உடைத்து, சுவருக்குள் இருந்த ஒயரை உருவிக்கொண்டு, கதவுப் பிடியைக்கூட விட்டுவைக்காமல் போனார்கள். திஹோமிர் வாசலில் நின்று அதைப் பார்த்தான். கத்தவில்லை. யாரையும் திட்டவில்லை.

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கு அவனுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. புது வேலை எவ்வளவு வந்தாலும் தாங்குகிற மனுஷன். செய்து முடித்ததையே திரும்பச் செய்ய அவனிடம் தெம்பு இல்லை. முதலில் தாமதமாக வந்தான். பிறகு வந்து சும்மா நின்றான். இப்போது இரண்டு வாரமாக வீட்டுக்குள்ளேயே சரியாக வருவதில்லை.

நெவேனாவை மட்டும் தினமும் மாடியேற்றியது மிரேலாவின் ஜன்னல்.

நடுத்தளத்தில் குடியிருக்கும் மிரேலா ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு விடியும்போது வருவாள், மத்தியானம் வரை தூங்குவாள். குடிவந்த வாரமே ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்துப் போட்டாள். நாம் பூசிய சுவருக்குள் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டால் நெவேனாவுக்கு இன்னும் ஒரு மூட்டை இறக்கத் தோன்றும். மிரேலாவுக்காகத்தான் மத்தியானம் வரை டிரில் போடுவதில்லை என்று வைத்திருந்தார்கள்.

நெவேனா காபியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வேனின் கதவைத் தட்டினாள். திஹோமிர் கண்ணாடியை இறக்கினான்.

"வெச்சிட்டுப் போ, நெவா."

"இங்க வெக்க மாட்டேன். மாடியில வெக்கறேன், வந்து குடி."

"ஒரு அஞ்சு நிமிஷம்."

"நேத்தும் அஞ்சு நிமிஷம்தான் கேட்டே. படிக்கட்டு வரைக்கும் வந்துட்டு, நேரா நாம குடியிருக்கற ஃபிளாட்டுக்கு வண்டியை எடுத்தே."

அவன் முன்கண்ணாடியையே பார்த்தான். "கை கதவு வரைக்கும் போகுது. அதுக்கு மேல போகல. அந்தப் படிக்கட்டு கண்ணு முன்னாடி வருது. எத்தனை மூட்டை ரப்பீஸ் இறக்கியிருப்போம் அதுல? எதுக்கு? எவனோ வந்து உடைச்சிட்டுப் போறதுக்கா?"

"எல்லாரும் உடைக்க மாட்டாங்க. மிரேலாவைப் பாரு."

"ஒரு மிரேலா."

"எனக்கு ஒருத்தி போதும்."

"உனக்குப் போதும்," என்றான். கோபமில்லாத குரல். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேனே."

"போய் என்னன்னு சொல்லுவே? என் புருஷன் வேன்லேர்ந்து இறங்க மாட்டேங்கறான்னா?"

"ஆமா. அப்படியேதான் சொல்லுவேன். பூட்டைத் திறக்கற ஆளையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன்."

அவன் உதடு ஒரு கணம் சிரிப்புக்குத் தயாரானது. பிறகு அதுவும் அணைந்தது. நெவேனா காபியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். திட்டியிருக்கலாம் என்று படியேறும்போது தோன்றியது. திட்டினால் ஏதாவது அசையுமா என்றும் தோன்றியது.

மேலே லியூபென் மூட்டைகளை வரிசையாக வைத்திருந்தான். முந்தின நாள் அவன் உடைத்த கணப்பின் இடம் சுவரில் கருப்பாகத் தெரிந்தது. பச்சை ஓடு பதித்த பழைய விறகுக் கணப்பு. விரிசல் விட்டு, சரிசெய்ய முடியாமல் போனது. அது போனதும் அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"இவ்வளவுதானா மூட்டை?" என்றாள் நெவேனா. "அத்தனை பெரிய கணப்பு உடைச்சே. இன்னும் நிறைய இருக்கணுமே."

"பாதியை அந்த ஓட்டைக்குள்ள தள்ளிட்டேன், அண்ணி. இடது புகைபோக்கி. அதுதான் யாருக்கும் வேணாமே. மூணு மாடி சுமந்து இறக்கறதுக்கு இது சுலபம்."

அந்தச் சுவருக்குள் இரண்டு புகைபோக்கிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒன்று கீழே மிரேலாவின் கணப்பிலிருந்து வருவது. இன்னொன்று எதற்கும் பயன்படாதது. எது எது என்று தெரிய, மிரேலா எழுந்த பிறகு அவள் வீட்டுக்குப் போய்க் கணப்புக்குள் விளக்கைக் காட்ட வேண்டும். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் எதில் வெளிச்சம் தெரிகிறதோ அது அவளுடையது. அந்த வேலையைத் திஹோமிர் ஏற்றுக்கொண்டிருந்தான். முந்தின நாள் நெவேனா ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மாடிப்படி வரை வந்து, இடதுபக்கம் செத்ததுதான், பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டும் போனான்.

அதனால் நெவேனா அதைப் பற்றி மேலே எதுவும் யோசிக்கவில்லை. உளியை எடுத்தாள்.

மத்தியானம் கீழே மிரேலாவின் போன் அலாரம் அடித்தது. சேவல் கூவுகிற அலாரம். வழக்கமாக இரண்டு தரம் கூவும், அவள் அணைத்துவிடுவாள். அதுதான் இவர்களுக்கு டிரில் போட அனுமதி.

சேவல் கூவியது. கூவிக்கொண்டே இருந்தது.

"அடச்சே, அதை யாராவது அறுங்கப்பா," என்றான் லியூபென்.

நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கூவியது.

நெவேனா உளியைக் கீழே வைத்தாள். "அவ இப்படித் தூங்க மாட்டாளே."

"பாவம், டியூட்டி ஜாஸ்தியா இருக்கும்."

"காலையில வந்தப்ப என்கிட்ட பேசினா. இன்னிக்குத்தான் குளிர் ஆரம்பிச்சிருக்கு, முதல்முதலா கணப்பு மூட்டப் போறேன்னு..."

சொல்லி முடிக்கும் முன்பே இருவரும் சுவரிலிருந்த அந்தக் கருப்பு ஓட்டையைப் பார்த்தார்கள்.

நெவேனா படிகளில் ஓடினாள். மிரேலாவின் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "மிரேலா! மிரேலா! கதவைத் திற!" உள்ளே சேவல் மட்டும் பதில் சொன்னது. அவளிடம் மாற்றுச் சாவி இருந்தது, நுழையவில்லை. உள்பக்கம் பூட்டில் சாவி இருந்தது.

படிக்கட்டு ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். "திஹோ! கடப்பாரை! சீக்கிரம்!"

வேனின் கதவு திறந்த சத்தம் கேட்டது. இரண்டு வாரமாகத் தயங்கி நின்ற அந்தக் கால்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தன. திஹோமிர் கடப்பாரையைப் பூட்டுக்கும் நிலைக்கும் நடுவே செருகி நெம்பினான். அவனே பார்த்துப் பார்த்துப் பொருத்திய பூட்டு, லேசில் விடவில்லை. தோளால் மோதினான். மறுபடி மோதினான். நிலை பிளந்தது. அவன் புறங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

உள்ளே கதகதப்பாக இருந்தது. புகை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏதோ கருகின வாடை மட்டும்.

மிரேலா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் குப்புறக் கிடந்தாள். ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. நர்ஸ் இல்லையா, என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து வரப் பார்த்திருக்கிறாள்.

"மூச்சு இருக்கா?" என்று நெவேனா அலறினாள்.

"ஜன்னலைத் திற! எல்லாத்தையும் திற!" திஹோமிர் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். தெருவில், ஈரக் கல்லின் மேல் தன் கோட்டை விரித்துப் படுக்க வைத்தான். "மிரேலா, மூச்சு விடு. விடும்மா. விடு." அவள் உதடுகள் சாயம் பூசிய மாதிரி சிவந்திருந்தன. மார்பு லேசாக எழுந்தது. வெகுநேரம் கழித்து மறுபடி எழுந்தது.

ஆம்புலன்சில் வந்த ஆள் குனிந்து முகத்தைப் பார்த்ததும் பின்னால் திரும்பி, "டேய், நம்ம மிரேலாடா!" என்றான்.

வண்டி போன பிறகுதான் லியூபென் அங்கே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. மேலே போனாள். அவன் மிரேலாவின் கணப்பு முன்னால் மண்டியிட்டிருந்தான். அடியில் கரி எடுக்கும் சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே செங்கல் துண்டுகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் நடுவில் பச்சையாக ஒரு ஓட்டுச் சில்லு மின்னியது.

"என் கையால, அண்ணி," என்றான். "என் கையாலேயே போட்டேன்."

*

தீயணைப்புத் துறை அதிகாரி த்ரூமெவ் நிதானமான மனிதர். குரலை உயர்த்தாமல் பேசினார். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. முதல்ல வந்த புகை கல் இடுக்கு வழியா மேல ஏறியிருக்கு; விறகு கனிஞ்சு தணலானதும் இது அறை முழுக்க நிறைஞ்சிருக்கு." சுவரைப் பார்த்தார். "இதுக்கு ஒரு அலாரம் இருக்குமே, மாட்டலையா?"

"வாங்கி வெச்சிருக்கோம்," என்றாள் நெவேனா. "பெயின்ட் அடிச்சு முடிச்சதும் மாட்டலாம்னு நான்தான்..."

"எங்க இருக்கு?"

"வேன்ல."

அவர் குறித்துக்கொண்டார். "கல்லைப் போட்டது யாரு?"

"நான்," என்றான் லியூபென்.

"இந்தப் புகைபோக்கி உபயோகத்துல இல்லைன்னு யாரு சொன்னது?"

திறந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. லியூபென் தன் அண்ணனின் ஷூவைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல, சார். நானே நினைச்சுக்கிட்டேன்."

"பார்க்காமலேயா?"

"பார்க்காமலேதான்."

நெவேனா கணவனைப் பார்த்தாள். இப்போது சொல்வான், இதோ வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாள். திஹோமிர் கிழிந்த புறங்கையை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு நின்றான். தரையில் மிரேலா கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுங்க," என்று த்ரூமெவ் தன் போன் நம்பரை லியூபெனிடம் கொடுத்துச் சொன்னார். "ஊரை விட்டு எங்கயும் போகாதீங்க. புகைபோக்கியைத் தொடாதீங்க. அந்தப் பொண்ணு பிழைச்சா ஒரு மாதிரி, இல்லேன்னா வேற மாதிரி. உங்களுக்கே புரியும்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. நெவேனா திஹோமிர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீ மிரேலா வீட்டுக்குள்ள வந்தியா?"

"வரல."

"விளக்கு காட்டலையா?"

"காட்டல."

"அப்புறம் எப்படிப் பார்த்துட்டேன்னு சொன்னே?"

"ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க." அவன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "பார்த்தியா, பார்த்தியான்னு. சும்மா விட்டாப் போதும்னு இருந்துச்சு. அவ எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருக்கணும். கதவைத் தட்டணும். பேசணும். சிரிக்கணும். என்னால முடியல, நெவா. இடதுன்னு சொல்லிட்டேன். வலதுன்னும் சொல்லியிருப்பேன்."

அவள் கை ஓங்கியது. ஓங்கிய இடத்திலேயே நின்றது.

"விடுங்க அண்ணி," என்றான் லியூபென். "நான் சொன்னது சொன்னதா இருக்கட்டும். வீடு உங்க ரெண்டு பேர் பேர்ல இருக்கு. அண்ணன் மாட்டினா எல்லாமே போயிடும். எனக்கென்ன, எனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்லையா? அப்போ நாங்க யாருடா? தினமும் உனக்குச் சோறு போடறது பக்கத்துத் தெரு முனிசிபாலிட்டியா?" அவள் குரல் உடைந்தது. திஹோமிரைப் பார்த்தாள். "அந்த அதிகாரி கேக்கறப்ப நீ தரையைப் பார்த்துட்டு நின்னியே. தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ திரும்பப் போய் வண்டியில உக்காரப் போறியா? அப்படியே உக்காந்துடு. நான் இனிமே காபி கொண்டு வர மாட்டேன்."

திஹோமிர் பிளந்த நிலையைத் தாண்டி வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்பும் என்று நெவேனா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கிளம்பவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கோட்டு இல்லாமல், மூடுபனிக்குள் மேட்டுத் தெருப் பக்கம் அவன் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணன் எங்க போறாரு?"

"தெரியல."

"நான் வேணா பின்னாடியே..."

"வேணாம்."

அவள் ஆலைக்குப் போன் செய்து ஷிப்டுக்கு வர முடியாது என்றாள். பிறகு மேலே ஏறினாள். சுத்தியலின் தலையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். கீழே தூங்குகிறவள் யாரும் இல்லை. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ரப்பீஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். லியூபென் கதவோரம் நின்றான். கிட்டே வரத் தைரியமில்லை.

அழுது முடித்ததும் எழுந்து உளியைச் சுவரில் வைத்தாள்.

"இன்னிக்குமா, அண்ணி?"

"கையை சும்மா வெச்சிருந்தா பைத்தியம் பிடிச்சிடும். நீ போய்ப் படு."

அவன் போகவில்லை. அவனும் ஒரு உளியை எடுத்துக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு சுவரை உரித்தார்கள். இந்த அறை என்றைக்காவது முடியுமா, முடிந்தால் இதில் ஒருவரைப் படுக்கச் சொல்லத் தன்னால் முடியுமா என்று நெவேனாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் காரை விழுந்துகொண்டே இருந்தது.

*

ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் திஹோமிர் உட்கார்ந்திருந்தான். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தே வந்திருந்தான். தலைமுடியில் மரத்தூள், சட்டையில் ரத்தம். ஒரு நர்ஸ் அவன் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கட்டுப் போட்டுவிட்டுப் போனாள்.

மாலையில் ஒருவன் ரப்பர் பூட்ஸில் சேறு அப்பியிருக்க, மூச்சு வாங்க ஓடி வந்தான். பருத்த உடம்பு. மேலெல்லாம் ஆட்டு வாடை. நர்ஸிடம் குனிந்து ஏதோ பேசினான். அவள் பெஞ்சைக் காட்டினாள்.

அவன் நேராகத் திஹோமிரிடம் வந்தான். கட்டுப் போட்ட கையென்று பார்க்காமல் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான் கதவை உடைச்சு வெளிய தூக்கிட்டு வந்தீங்களாமே! நான் ஸ்தாமென். மிரேலாவோட அண்ணன். சேதி வந்ததும் ஆட்டைக்கூட அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேன்." கண்கள் நிறைந்திருந்தன. "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்வளவுதான்னு சொல்றாங்க. உங்களுக்கு நான் எப்படிங்க நன்றி சொல்றது?"

"சொல்லாதீங்க," என்றான் திஹோமிர்.

"அதெப்படி? எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. அவதான் எனக்கு, நான்தான் அவளுக்கு. உங்களைப் பத்தி நிறைய சொல்லுவா. வீட்டுக்காரங்க தங்கமானவங்க, எனக்குச் சொந்தம் மாதிரின்னு." பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். மடியில் ஒரு துணி முடிச்சை வைத்து அவிழ்த்தான். ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பச்சை வெங்காயம். "வண்டியில திங்கலாம்னு எடுத்தேன். தொண்டையில இறங்கல. நீங்களும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. இந்தாங்க."

பெரிய துண்டாகப் பிய்த்து, சீஸ் வைத்துத் திஹோமிரின் கையில் திணித்தான். திஹோமிர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுங்க. பயப்படாதீங்க, அவ கெட்டிக்காரி, எழுந்துடுவா." ஸ்தாமென் முஷ்டியைத் தொடையில் குத்தினான். "அந்தக் கல்லைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். யாரோ உங்க தம்பியாமே? மன்னிச்சுக்கோங்க, உங்க ரத்தம்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். கீழ ஒரு உயிர் இருக்குன்னு பார்க்காம ஒருத்தன் எப்படிக் கல்லைப் போடுவான்? எட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

திஹோமிர் கதவைப் பார்த்தான். அதன் மேலிருந்த சின்னக் கண்ணாடியில் வெளிச்சம் தவிர எதுவும் தெரியவில்லை.

"அவன் பார்க்கச் சொன்னான்," என்றான்.

"யாரைச் சொன்னான்?"

"என்னை. ரெண்டு மூணு தடவை கேட்டான், பார்த்தியா அண்ணேன்னு. நான் பார்த்துட்டேன்னு சொன்னேன். பார்க்கல. அவ வீட்டுக்குள்ளயே போகல. என் பேச்சை நம்பித்தான் அவன் போட்டான்."

ஸ்தாமென் அவனையே பார்த்தான். புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் முகம் மெல்லக் கல்லானது.

"ஏன்?"

"தெரியல. அலுப்பு." அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொன்ன பிறகு அவனுக்கே தெரிந்தது. "எல்லாம் வெறுத்துப் போய்ட்டேன். வேற காரணம் எதுவும் இல்ல."

ஸ்தாமென் கையை நீட்டினான். அடி விழப்போகிறது என்று திஹோமிர் கண்களை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. அவன் கையிலிருந்த ரொட்டி மட்டும் போயிற்று. கண்ணைத் திறந்தபோது ஸ்தாமென் அந்தத் துண்டைத் துணியில் வைத்து, நாலு முனையையும் சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டிருந்தான்.

"போலீசுக்குத் தெரியுமா?" நீங்க என்பது போய்விட்டிருந்தது. "சொன்னியா?"

"இல்ல. என் தம்பி தன் தலையில போட்டுக்கிட்டான். நான் சும்மா நின்னேன். காலையில அவனோட போய்ச் சொல்லப் போறேன்."

"காலையில," என்றான் ஸ்தாமென். "இன்னும் ஒரு ராத்திரி இருக்கா உனக்கு யோசிக்க?"

திஹோமிர் போனை எடுத்தான். லியூபென் எடுத்ததும், "அந்த அதிகாரி நம்பர் கொடுத்தாரே, அதை எனக்கு அனுப்பு," என்றான். "இப்பவே. ஏன்னு கேக்காதே. அனுப்புடா, தம்பி."

ஸ்தாமென் பக்கத்திலேயே உட்கார்ந்து, த்ரூமெவிடம் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். பேச்சு முடிந்த பிறகும் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். எழுந்து போக இருவருக்குமே வேறு இடம் இல்லை.

கதவு திறந்தது. டாக்டர் ஒரு பெண்மணி. முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"மிரேலாவோட சொந்தக்காரங்க?"

"நான்," என்று ஸ்தாமென் துள்ளி எழுந்தான். "அண்ணன்."

"கண்ணைத் திறந்துட்டாங்க. தானா மூச்சு விடறாங்க."

"கடவுளே!"

"பொறுங்க. பேச்சு வருது. ஆனா என்ன கேட்டாலும் தெரியலன்னு ஒரே பதில்தான் சொல்றாங்க. கூட வேலை பார்க்கற பொண்ணையே யாருன்னு கேக்கறாங்க. இது நாலு நாள்ல சரியாகலாம். ஆகாமலும் போகலாம். நீங்க வந்து நில்லுங்க, உங்களையாவது தெரியுதான்னு பார்ப்போம்."

ஸ்தாமென் இரண்டடி வைத்தான். கதவருகில் நின்றான். தனியாக உள்ளே போக அவனுக்குப் பயமாயிருந்தது. அது அந்தப் பெரிய உடம்பு முழுக்கத் தெரிந்தது.

திரும்பினான்.

"நீயும் வா," என்றான்.

"நானா?"

"நீதான். வந்து பாரு. தள்ளி நின்னு பார்க்காதே, கிட்ட வந்து பாரு."

"ஒருத்தர்தான் வரலாம்," என்றார் டாக்டர்.

"இவன் வரணும்," என்றான் ஸ்தாமென்.

டாக்டர் இருவர் முகத்தையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கதவைப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார். திஹோமிர் பெஞ்சைப் பிடித்து எழுந்தான். ஸ்தாமென் அவனுக்காகக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டான். உள்ளேயிருந்து மிரேலாவின் மெல்லிய குரல் தன் அண்ணனிடம், "நீங்க யாரு?" என்று கேட்டது.

திஹோமிர் அந்தக் குரலை நோக்கி நடந்தான்.